கல் பார்க்கும் வீடு

ரயில் பாதை முடிந்துபோகிற இடத்தில், இதற்கு மேல் போக வேண்டாம் என்று இரண்டு கட்டைகளைக் குறுக்கே போட்டு நிறுத்தியிருக்கும் மஞ்சக்கல் என்னும் ஊரில், தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடி இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகு, புரட்டாசி மழை விட்ட ஒரு வியாழக்கிழமை காலையில், மேட்டுப் பழைய கல்லறையில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு கற்களும் திரும்பி நின்றன. விழவில்லை, விரிசல் விடவில்லை, ஒரு கல்லும் தன் இடத்தை விட்டு அரை அங்குலம் நகரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும், நூற்று முப்பது வருஷமாகக் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தவை, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி, ஆளுக்கொரு வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன.

முதலில் பார்த்தவள் சலேத்மேரி. நாற்பத்தேழு வயது, தனிக்கட்டை, சுரங்க ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரியும் மூடிய பிறகு கல்லறைக் குழுவுக்குச் செயலாளராகி, கல்லறைக் கேட்டின் சாவியையும் கல்லறைப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் துடைப்பத்தோடு வந்தவள் சத்தம் போடவில்லை. சாவி வைத்திருக்கிறவள் முதலில் பார்க்க வேண்டியது பூட்டைத்தான் என்பதால் திரும்பிப் போய்ப் பூட்டைப் பார்த்தாள், அது சரியாக இருந்தது. பிறகு வரிசை வரிசையாக நடந்து, இருநூற்றேழாம் கல்லுக்கு வந்து சேர்ந்தாள். அது அவள் அப்பா அருளாந்துவின் கல்.

அந்தக் கல்லுக்கடியில் அருளாந்து இல்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. மஞ்சக்கல்லில் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று உண்டு. இறங்கும்போது அதைக் குழிவாயில் பலகையிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவான், மேலே வந்ததும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் கீழே, வில்லை இடுப்பில் இருந்தால் ஆள் மேலே, இவ்வளவுதான் கணக்கு. பாறை வெடித்துச் சுரங்கம் மூடிக்கொண்டு உடலை எடுக்க முடியாமல் போனால், பலகையில் மிஞ்சிய வில்லையைக் கழற்றிக்கொண்டு வந்து, ஆளைப் புதைக்கிற மரியாதையோடு புதைத்து, கல் நட்டுப் பேர் வெட்டுவார்கள். வில்லைக் கல்லறை என்று அதற்குப் பேர். சாம்பல் பூசவோ சிலுவை போடவோ உடம்பு இல்லாததால் அந்த வரிசையில் மட்டும் வேதக்காரனும் முனியப்பனைக் கும்பிடுகிறவனும் பக்கம் பக்கமாக இருந்தார்கள், அதைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை.

நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பதினோரு பேரை விழுங்கிய வெடிப்பில் பலகையில் மிஞ்சிய வில்லைகளில் ஒன்று 1147. அது அருளாந்துவுடையது. அப்போது சலேத்மேரிக்கு நாலு வயது. அவள் அம்மா தெரசம்மாளுக்கு, விபத்தில் செத்தவர்கள் குடும்பத்துக்கென்று ஒதுக்கி விபத்து லைன் என்று பேர் வைத்திருந்த முதல் லைனில் வீடும் ஆஸ்பத்திரியில் ஆயா வேலையும் கொடுத்தார்கள். கோயிலில் முதல் பெஞ்சு, கல்லறைத் திருநாளில் முதல் மெழுகுவத்தி, பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாத பிள்ளை என்று சலேத்மேரி வளர்ந்தாள்.

அந்த இருநூற்றேழாம் கல், அவள் வீட்டைப் பார்க்கவில்லை. முதல் லைனில் இருக்கும் அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாலாம் லைனின் கடைசி வீட்டை, நீலக் கதவு போட்ட பவுனம்மாவின் வீட்டை, அது பார்த்துக்கொண்டிருந்தது.

சலேத்மேரி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துத் தள்ளினாள். எண்ணெய் போட்ட கதவு மாதிரி அது சுலபமாகத் திரும்பியது. தன் வீட்டுக்கு நேராக அதைத் திருப்பி நிறுத்தி, கையிலிருந்த பாசியைத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் போய் மணியடித்து ஊரைக் கூப்பிட்டாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கம் மூடிய அன்றைக்கே நம்ப முடியாததையெல்லாம் நம்பிப் பழகிவிட்ட ஜனம் அது, கல் திரும்பியதற்கெல்லாம் அவ்வளவாக அசரவில்லை. முதல் நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டார்கள், மூன்றாம் நாள் பூகோள வாத்தியார் துரைக்கண்ணு திசைகாட்டியும் நூல்கண்டுமாக வந்து, கல்லுக்குப் பின்னால் குந்தி ஒற்றைக் கண்ணால் குறிபார்த்து, எந்தக் கல் எந்த வீட்டைப் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கப்பலேறி வந்து இந்த மலையில் முதல் குழி தோண்டிய வெள்ளைக்காரர்களின் கற்கள் மொத்தமாக வடமேற்கே சாய்வாகப் பார்த்தன, அது அவர்கள் சீமை இருக்கும் பக்கம் என்றார் வாத்தியார். கேப்டன் ட்ரெவரின் சலவைக்கல் மட்டும் சீமையைப் பார்க்காமல் சோடாக்கடைக் குப்பன் வீட்டைப் பார்த்தது. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பூனைக்கண், ஆகையால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. குப்பன் மட்டும் ஒரு வாரம் கடை திறக்கவில்லை, அப்புறம் திறந்து, கேப்டன் சோடா என்று போர்டு எழுதி மாட்டினான்.

பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களுடைய முன்னோர்களின் கற்கள் ரயில் நிலையத்தைப் பார்த்தன. கேள்விப்பட்டு அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். பங்கு பிரியாத வீட்டுக்காக இருபது வருஷம் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகள், அப்பன் கல் இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டைப் பார்ப்பதைக் கண்டு, வெட்கத்தில் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தன் கல்லின் பார்வை படக் கூடாது என்று வாசலில் சுவர் எழுப்பினான். மறுநாள் கல் கொஞ்சம் அண்ணாந்து சுவருக்கு மேலாகப் பார்த்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் எந்தக் கல் என்று கேட்டார்கள், கல் பார்க்கும் வீடு என்றால் நல்ல வீடு என்று ஆகிவிட்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதை ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. ஆனால் கோயில் மணியடித்துப் பூசைக்கு உதவிக்கொண்டிருந்த பழைய கோயில்குட்டியாரின் கல் எங்கே பார்க்கிறது என்று சாயங்காலமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று சொல்கிறார்கள்.

நாலாம் லைன் கடைசி வீட்டுப் பவுனம்மாவைப் பற்றி இப்போது சொன்னால்தான் மற்றது விளங்கும். எழுபத்தெட்டு வயதுக்காரி. அவள் புருஷன் முனிரத்தினம் அருளாந்துவுக்கு உயிர்ச் சிநேகிதன், ஒரே தட்டில் தின்றவர்கள். பதினோரு பேர் செத்த அதே நாளில் முனிரத்தினம் காணாமல் போனான். காலையில் ஷிப்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் களியும் கீரையும் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. அவள் மாரடித்துக்கொண்டு குழிவாய்க்கு ஓடினபோது, அன்றைக்கு அவனுக்கு வார விடுமுறை, அவன் வில்லை பலகையில் இல்லை, அவன் இறங்கவே இல்லை என்று குமாஸ்தா ஏட்டைப் புரட்டிக் காட்டினார். அந்த வாரம்தான் டெண்ட்டு சினிமாக்காரர்கள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். டிக்கெட் கிழிக்கிற பெண்ணோடு போய்விட்டான் என்று ஊர் இரண்டே நாளில் முடிவு கட்டியது.

பவுனம்மா எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஓடிப்போறவன் களி கட்டிக்கினு போவானா?" குமாஸ்தாவிடம் கேட்டாள், போலீஸ்காரரிடம் கேட்டாள், தண்ணிக் குழாயில் கேட்டாள், கோயில் வாசலில் நின்று கேட்டாள்.  நாளாக ஆக ஊர் அதை வேடிக்கைப் பேச்சாக்கிக்கொண்டது. யாராவது பொருந்தாத சாக்கு சொன்னால், களி கட்டிக்கினு போனியா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவள் நெற்றியில் குங்குமத்தை அழிக்கவில்லை, ஒற்றைப் பிள்ளை தணிகையை வளர்த்துப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, நாற்பத்து மூன்று வருஷமாக ஓடிப்போனவன் பெண்டாட்டியாக அந்த நீலக் கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

இருநூற்றேழாம் கல் தன் வீட்டைப் பார்க்கிறது என்று வாத்தியார் குறிபார்த்துச் சொன்னபோது, பவுனம்மா வெளியே வந்து புருவத்தில் கைவைத்து மேட்டைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரு கல்லு என்று கேட்டாள், அருளாந்து என்றார்கள். களி திங்க வந்துக்கினு இருந்த வூடாச்சே, பாக்கட்டும் என்றாள். மறுநாளிலிருந்து விடிந்ததும் வாசலைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டாள். ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசல் அலங்கோலமாகக் கிடக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

ஆனால் வாத்தியார் இரண்டு தரம் குறிபார்த்தார், இரண்டு விதமாக வந்தது. காலையில் பார்த்தால் சலேத்மேரி வீடு, சாயங்காலம் பார்த்தால் பவுனம்மா வீடு. ஏனென்றால் சலேத்மேரி தினமும் இருள் பிரியும்போதே சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கல்லைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். முதல் வாரம் அது மறுநாள் விடியற்காலைதான் நாலாம் லைனுக்குத் திரும்பியது. இரண்டாம் வாரம் சாயங்காலத்துக்குள் திரும்பியது, அப்புறம் மத்தியானத்துக்குள். ஊரில் பாதிப்பேர் அவளைப் பார்த்திருந்தார்கள். மஞ்சக்கல் ஜனத்துக்கு ஒரு மரியாதை உண்டு, ஒருத்தர் கஷ்டப்பட்டு மறைக்கிறதை எதிரே நின்று பார்க்க மாட்டார்கள். வேறு வழியாகப் போய், தங்களுக்குள் அக்கு வேறு ஆணி வேறாகப் பேசிக்கொள்வார்கள்.

பேச்சு இப்படித்தான் போனது. செத்தவன் கல் சொந்தப் பெண்ணை விட்டுவிட்டு இன்னொருத்தி வாசலைப் பார்க்கிறதென்றால் என்ன அர்த்தம்? கேப்டன் ட்ரெவரின் கல் சொன்ன அர்த்தம்தான். அப்படியென்றால் முனிரத்தினம் ஏன் ஓடினான் என்பதும் இப்போது புரிந்துவிட்டது, டெண்ட்டுக்காரியின் மேல் தப்பில்லை, பெண்டாட்டி யோக்கியதை தெரிந்துதான் ஓடியிருக்கிறான். நாற்பத்து மூன்று வருஷத்துப் பழிக்கு மேல் இன்னொரு பழி வந்து உட்கார்ந்தது. தண்ணிக் குழாயில் பவுனம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெங்களூரிலிருந்து தணிகை போன் பண்ணி, அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடச் சொன்னான். அவன் கேட்காமல் விட்டதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

இதற்கு நடுவே, பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டுப் பாதுகாக்கிற அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். முதலில் வந்து குடியேறியவர்களின் கல்லறை என்பதால் அதைப் பட்டியலில் சேர்க்கும்படி கல்லறைக் குழு ஆறு வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்தது; கற்கள் திரும்பிய செய்தி பேப்பரில் வந்ததும் ஆறே நாளில் வந்துவிட்டார். கீழே மலையே பொந்தாகக் கிடப்பதால் மண் அமுங்கிக் கற்கள் திரும்பியிருக்கின்றன என்று அவர் குறித்துக்கொண்டார், யாரும் மறுத்துப் பேசவில்லை. கல் நம்பர், பேர், வருஷம், பார்க்கும் வீடு என்று நாலு பத்தி போட்ட பதிவேடு ஒன்றைச் சலேத்மேரியிடம் கொடுத்தார். கல்லறைத் திருநாளன்று வந்து ஊர் முன்னால் முத்திரை வைப்பதாகவும், அதற்குப் பிறகு எந்தக் கல்லிலும் ஒரு கீறல்கூடப் போடக் கூடாது, ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது, அது சட்டம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சலேத்மேரி நானூற்றுப் பதினோரு வரிகளை அழகான கையெழுத்தில் எழுதி முடித்தாள். இருநூற்றேழாம் வரியில் நாலாவது பத்தி காலியாக இருந்தது.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் விஷயம். ஒன்பது வயதில் அம்மா அவளைச் சேலம் ஜங்ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் அவளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிக்கொடுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தூரத்துச் சொந்தம் என்றாள் அம்மா. அந்த ஆளின் இடது சுண்டுவிரலில் நுனி இல்லை. வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த கல்யாணப் படத்தில், நாற்காலி முதுகின் மேல் வைத்திருக்கும் அப்பாவின் இடது கைச் சுண்டுவிரலிலும் நுனி இல்லை. ஒன்பது வயதுப் பெண் அதை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் அந்தப் படத்தின் கீழ்ப்பாதியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தெரசம்மாள் சாகக் கிடந்தபோது, கேட்காமலே ஒன்று சொன்னாள்: உங்கப்பன் அன்னிக்கிப் பந்தாடப் போயிருந்தான்.

அதற்கப்புறம் ரயில் நிலையத்தையும் சேலத்தையும் பற்றி அம்மா துண்டு துண்டாகச் சொன்னதோடு மீதியைச் சேர்த்துப் பார்க்க அதிக புத்தி வேண்டாம். சிநேகிதனின் வில்லையை வாங்கி மாட்டிவிட்டு அவனுக்குப் பதிலாக இறங்குவது மஞ்சக்கல்லில் எல்லாரும் செய்கிற காரியம். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்பதால் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து ஊரில் கோப்பைக்கான பந்தாட்டம் என்று அருளாந்து விடியற்காலை ரயிலேறினான், முனிரத்தினம் தன் வில்லையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிநேகிதனின் 1147-ஐப் பலகையில் மாட்டிவிட்டு இறங்கினான், அவனோடு வேலை செய்த பத்துப் பேரும் அவனோடு போய்விட்டார்கள். சாயங்கால ரயிலில் திரும்பிய அருளாந்து, நிலையத்துக் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்த பெயர்களில் நாலாவதாகத் தன் பேரைப் பார்த்துவிட்டு, பிளாட்பாரத்தை விட்டு இறங்காமல், அதே ரயில் இஞ்சின் மாற்றித் திரும்பும்போது அதிலேயே ஏறிப் போய்விட்டான். சேலத்தில் ஒரு மரவாடியில் காவல் இருந்து, சலேத்மேரிக்குப் பத்தொன்பது வயதாகும்போது செத்தான். எங்கே புதைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

சொன்னால் அப்பா போவார், முதல் பெஞ்சு போகும், விபத்து லைன் வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, முத்திரை விழுந்துவிடும். அவள் பயந்தாள், அதற்கு வேறு பேர் கொடுக்க வேண்டியதில்லை.

கல்லறைத் திருநாளன்று காலையில் அவள் வழக்கம்போலக் கல்லைத் தள்ளினாள். கையை எடுத்த உடனேயே அது திரும்பியது. மறுபடி தள்ளினாள், மறுபடி திரும்பியது. மூன்றாம் தரம் தள்ளிப் பிடித்தாள், பிடித்த கையோடு திரும்பியது; கன்னத்தைக் கல்லில் வைத்து மூச்சு வாங்கினபடி நின்றபோது, அது பார்க்கிற பக்கம் அவளும் பார்க்க நேர்ந்தது. நீலக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் கோலம் இல்லை. பெருக்கவும் இல்லை, ராத்திரிக் காற்றில் வந்த குப்பை அப்படியே கிடந்தது.

பத்து மணிக்கு ஊர் முழுக்க மேட்டில் இருந்தது. மெழுகுவத்திகள், சாமந்தி மாலைகள், பெங்களூர்ப் பிள்ளைகள், முத்திரைப் பெட்டியோடு அதிகாரி, பக்கத்தில் குழுத் தலைவர் இன்னாசி. இன்னாசி அந்தக் காலத்தில் ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கூண்டின் இஞ்சினை ஓட்டினவர். அவர் பதிவேட்டைக் கேட்டபோது சலேத்மேரி கொடுக்கவில்லை. அதை மார்போடு பிடித்துக்கொண்டு, இத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மேட்டிலிருந்து இறங்கி, லைன்களைக் கடந்து, நாலாம் லைன் கடைசி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

பவுனம்மா வெகுநேரம் கழித்துத் திறந்தாள். மூட்டை முடிச்சு கட்டிவைத்திருந்தது தெரிந்தது.

"இன்னா மேரி, நீயும் கேக்க வந்துட்டியா?"

"கேக்க வரல பெரிம்மா. நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். ஓடிப்போறவரு களி கட்டிக்கினு போவ மாட்டாரு."

 சலேத்மேரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பந்தாட்டம், வில்லை, கரும்பலகை, சேலம் ஜங்ஷன், சுண்டுவிரல். பதிவேட்டில் எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். அழவில்லை, அழுதால் மீதியைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உனுக்கு எத்தினி வருஷமா தெரியும்?" என்று கேட்டாள் பவுனம்மா.

"ஒம்பது வயசுலேர்ந்து."

 பவுனம்மாவின் பார்வை மேட்டுக்குப் போனது, அங்கே இத்தனை ஜனத்துக்கு நடுவிலும் அந்த ஒரு கல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, நாற்பத்து மூன்று வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"எத்தினி மணிக்கு வெடிச்சிது?"

"பன்னெண்டே காலுக்கு."

"கீழ சாப்பாட்டு மணி எப்போ?"

"பதினோரு மணிக்கு பெரிம்மா."

"அப்போ துன்னுட்டுதான் இருப்பாரு."

"சாப்ட்டுதான் இருப்பாரு."

பவுனம்மா கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு மேட்டை நோக்கி நடந்தாள், சலேத்மேரி பத்தடி பின்னால் நடந்தாள். ஜனம் வழிவிட்டது. எப்படியோ விஷயம் அவர்களுக்கு முன்னாலேயே மேட்டுக்குப் போய்விட்டிருந்தது, மஞ்சக்கல்லில் அப்படித்தான். இன்னாசி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, நாந்தான் எறக்கினேன், இஞ்சின் ரூமுல மணிச் சத்தம்தான் கேக்கும், ஆளு மூஞ்சி தெரியாது என்று மெல்லச் சொன்னார். பவுனம்மா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் வெட்டியிருந்த சிலுவையைத் தடவிப் பார்த்தாள். "இத்தினி வருஷமா இத்தத் தூக்கிக்கினு இருந்தாரா?" என்றாள். பிறகு தன் நெற்றியிலிருந்த குங்குமத்தை விரலால் முழுக்க வழித்து, அந்தச் சிலுவைக்கு நடுவில் வைத்தாள்.

அதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்லில் ஒரு பேர், பதிவேட்டில் ஒரு பேர் இருந்தால் முத்திரை வைக்க முடியாது என்றார். அப்படியானால் கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லி அவருக்கு ஒரு கேப்டன் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். கல்தச்சன் உளியோடு வந்து அருளாந்துவின் பேரைக் கொத்தி எடுத்தான், முனிரத்தினம் என்று வெட்டினான். சிலுவையை என்ன செய்வது என்று கேட்டதற்கு, குங்குமம் வெச்சாச்சு, இருக்கட்டும் என்றாள் பவுனம்மா. பேர் மாறிய கல்லுக்கடியில் பழைய வில்லை கிடக்கக் கூடாது என்பதால் கல்லடியில் முழங்கை ஆழம் தோண்டி, பச்சை பூத்துப்போன 1147-ஐ வெளியே எடுத்தார்கள். மாற்றி வைக்க வேறு வில்லை இல்லை. முனிரத்தினம் தன்னுடையதைத் தன்னோடே கொண்டு போயிருந்தான். அந்தக் குழியில் பவுனம்மா வீட்டு வாசல் மண்ணை ஒரு கைப்பிடி போட்டு மூடினார்கள்.

சலேத்மேரி இருநூற்றேழாம் வரியில் பேரை அடித்து எழுதி, நாலாவது பத்தியை நிரப்பினாள். முத்திரை விழுந்தது. கல் அதற்குப் பிறகு அசையவில்லை, எந்தக் கல்லும் அசையவில்லை. தணிகை அடுத்த ரயிலில் வந்து சேர்ந்து, கட்டிவைத்த மூட்டைகளை அவனே அவிழ்த்தான். களி கட்டிக்கினு போனியா என்று கேட்டுச் சிரிக்கிற வழக்கம் அன்றோடு ஊரில் நின்றுபோனது. விபத்து லைன் வீட்டைப் பற்றி யாரும் சலேத்மேரியிடம் கேட்கவில்லை. அவளாகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சைத் தாண்டிப் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள். அந்த லைனில் எந்தக் கல்லும் பார்க்காத வீடு அவளுடையது ஒன்றுதான்.

ஆனால் அன்றைக்கு, ஜனம் கலைந்து இறங்கும்போது, பவுனம்மா அவளைக் கூப்பிட்டாள். புடவைத் தலைப்பால் பித்தளை வில்லையை நம்பர் தெரியுமளவுக்குத் தேய்த்து அவள் கையில் வைத்தாள்.

"இந்தா மேரி. உங்கப்பன் மேல வந்துட்டான்."

அந்தக் குரலில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று மஞ்சக்கல்லில் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். இருந்தது என்கிறவர்களும் பக்கத்தில் நின்றவர்கள்தான், இல்லை என்கிறவர்களும் பக்கத்தில் நின்றவர்கள்தான்.

சலேத்மேரி வீட்டுக்குப் போய், கல்யாணப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். படத்தை முழுசாக, கீழ்ப்பாதியையும், பார்த்தாள். மாலை தொங்கிய ஆணியில் வில்லையை மாட்டக் கையைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஆணியில் மாட்டினால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.